போர்டு இல்லாத வண்டி

அப்பு,

நீ பயிற்சிக்குக் கிளம்பிய காலையில், டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமையுமாக வாசலில் நின்றுகொண்டு ஒன்று கேட்டாய். "நான் இல்லாதப்ப மாமாவுக்கு மறுபடியும் முடியாமப் போனா, போலீசுக்கு போன் பண்ணுவியாம்மா?" "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்றேன். நீ சிரித்தாய். "போலீஸ்காரனோட அம்மாவே போலீச நம்பலன்னா ஊருல எவன்மா நம்புவான்?" விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆட்டோ வேங்கிக்கால் முனையில் திரும்பும்வரை உன் தலை தெரிந்துகொண்டே இருந்தது. ஒட்ட வெட்டிய தலை. நீ பிறந்த அன்றைக்குப் பிறகு உன் மண்டையின் வடிவத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். அது மாறவே இல்லை. ஏனோ அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். என்னை உனக்குத் தெரியும். செங்கம் சாலையில் பழைய புத்தகக் கடை வைத்து இத்தனை வருடமாகியும், உள்ளே உட்கார்ந்து தூசி தட்டுகிறவன் என் தம்பி என்றுகூட வாடிக்கையாளர்களிடம் நான் சொன்னதில்லை. எல்லோரும் படிக்கும்படி எழுதச் சொன்னவன் அவன்தான். "என் பேரப் போட்டே எழுதுக்கா," என்றான் தரணி. "பேர மறைச்சா நான் இன்னாவோ திருடிட்ட மாதிரி இருக்கும்." "அப்ப என் பேரு?" என்று கேட்டேன். "உன் பேர வேணா மறைச்சுக்க. நீதான் கூச்சப்படுறவ." அதனால் இதில் அவன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

உனக்குத் தெரிந்ததையே படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தரணி என்னைவிட மூன்று வயது சிறியவன். நம்மோடுதான் இருக்கிறான். ஊருக்குத் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் விமானத்தில் எடை கூடிவிடுமென்று நம் கடையில் விட்டுப்போகிற புத்தகங்களை அவன்தான் அடுக்குகிறான். எழுத்தாளர் பெயர்ப்படி அடுக்க மாட்டான், பொருள்படியும் அடுக்க மாட்டான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவை சண்டை போடாதோ அவற்றைச் சேர்த்து வைப்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன், அவன் சேர்த்து வைத்த இரண்டு புத்தகங்களை ஒருவர் சேர்த்தே வாங்கிப் போகிறார். மாத்திரை சாப்பிடுகிறான். பல வருடங்கள் ஒரு குறையும் இருக்காது. பிறகு ஒரு பருவத்தில் முதலில் தூக்கம் போகும். அப்புறம் கையில் இருப்பதையெல்லாம் கொடுக்க ஆரம்பிப்பான்: கடிகாரம், சட்டை, பேனா. அதற்கப்புறம் நடை. அண்ணாமலையைச் சுற்றி, சுற்றி, சுற்றி. பத்தாம் வகுப்பிலிருந்து அந்த நடைகளில் நீ பின்னால் போயிருக்கிறாய். அவன் திரும்பினால் தெரிகிற தூரத்தில், அவன் கோபப்பட்டால் எட்டாத தூரத்தில். அந்தத் தூரத்தை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கார் என்றாலும் ஆட்டோ என்றாலும் அவன் ஏற மாட்டான் என்பதும் உனக்குத் தெரியும். பஸ் மட்டும்தான். சின்ன வயதில் நீ ஏன் என்று கேட்டபோது, "பஸ்ஸுல எங்க போவுதுன்னு போர்டு இருக்கு. கார்ல இல்ல," என்றான். நாம் எல்லோரும் சிரித்தோம். மாமா ஜோக் அடிக்கிறார் என்று நீ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாய். அது ஜோக் இல்லை. கல்லூரி இரண்டாம் வருடத்தில் அவனுக்கு முதல் முறை உடம்பு கெட்டபோது, அவன் தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்த நாட்களில், உன் தாத்தா, எங்கள் அப்பா, ஒரு வாடகைக் கார் கொண்டுவந்தார். காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறோம், சொந்தத்தில் கல்யாணம் என்றார். தரணி குளித்தான். புதுச் சொக்கா போட்டுக்கொண்டான். வழியெல்லாம் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கேட்டுக்கொண்டே போனானாம். கார் ஓர் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தபோதுகூட, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் இறங்கினானாம். அந்த ஆஸ்பத்திரி அவனைக் காப்பாற்றியது. அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே. ஆனால் அந்தச் சட்டையை அவன் திரும்பப் போட்டதே இல்லை.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு இருபத்து நான்கு. உன் அப்பா சென்னையில் வேலையில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். தரணி மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டை விட்டுப் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. சித்திரைப் பௌர்ணமி வந்தது. அவன் நிச்சயம் மலையைச் சுற்றத்தான் வருவான் என்று எனக்குத் தெரியும். நாம் சமணர்கள், கிரிவலம் நம் வழக்கம் இல்லை. ஆனாலும் பௌர்ணமி என்றால் அவனுக்கு உயிர். "அன்னிக்கி மட்டுந்தாங்க்கா ஊரே என்ன மாதிரி நடக்குது. எவனும் என்னத் திரும்பிப் பாக்கறதில்ல," என்பான். உன்னைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினேன்.

ஒரு வட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக நடக்கும்போது, உள்ளே இருக்கும் ஒருவனை எப்படித் தேடுவது? யோசித்துப் பார். கூடவே நடந்தால் முதுகுகள்தான் தெரியும். ஒரே இடத்தில் நின்றால், அகலமான அந்தக் கூட்டத்தில் அவன் மறுபக்கமாகப் போய்விடுவான். எதிர்த்திசையில் நடந்தால்தான் எல்லா முகங்களும் நம்மை நோக்கி வரும். எனக்கு அது கணக்குப் போட்ட மாதிரித் தெளிவாக இருந்தது. வலப்பக்கம் இருக்க வேண்டிய மலை என் இடப்பக்கம் இருந்தது. குபேர லிங்கத்துப் பக்கமிருந்து ஆரம்பித்து அடி அண்ணாமலையை நோக்கி நடந்தேன். நடக்க நடக்க அது வேறு ஒரு உலகமாக மாறிவிட்டது. முகங்கள், முகங்கள். திருநீறு பூசிய முகங்கள், அப்பாவின் தோளில் தூங்கும் முகங்கள், வாய் எதையோ முணுமுணுக்கும் முகங்கள். ஆற்றில் மீன் எதிர்நீச்சல் போவது போல இல்லை. ஆறு முழுக்க மீன்கள், நான் மட்டும் தண்ணீர் என்பது போல இருந்தது. யாரும் என்னை இடிக்கவில்லை, எனக்கு முன்னால் பிரிந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மாலை வெயில் மலையின் மேல் விழுந்து, மலையும் மெதுவாக என்னோடு திரும்பி வருவதாகத் தோன்றியது. தரணி, தரணி என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். சத்தமாகக் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். "ஏம்மா, ரூட்டு இப்படி இல்லம்மா, திரும்பு!" என்றார் ஒருவர். "அக்கா, ஒன்வே!" என்றான் ஒருவன். அவன் கூட்டாளி, "வுடுறா, அக்காவுக்கு ரிவர்ஸ் கியர் வுழுந்துட்டுது," என்றான். ஓர் அம்மாள் நின்று என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனாள். அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், தரணியின் கட்டம் போட்ட சட்டை போலவே ஒரு சட்டை கூட்டத்தில் தெரிந்தது. ஓடிப்போய் அந்தத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அது யாரோ ஒரு மனிதர், கையில் குழந்தையோடு. அவர் பயந்துவிட்டார். குழந்தை அழுதது. அங்கே போட்டிருந்த போலீஸ் பந்தலில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து நின்றவர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தார். "கூட யாரும்மா வந்தது?" என்றார். "யாரும் வரல. என் தம்பியத் தேடுறேன்." "தம்பி எப்படி இருப்பான்?" நான் உள்ளதைச் சொன்னேன். "இப்ப எப்படி இருப்பான்னு தெரியாதுங்க." அவன் சட்டையை யாருக்காவது கொடுத்திருப்பான், மொட்டை அடித்திருந்தாலும் இருக்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த பெண் காவலரைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு என்னால் படிக்க முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வாக்கிடாக்கியில் பேசிவிட்டு வந்து, குனிந்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "உங்க தம்பி கெடச்சிட்டான்மா. ஜிஹெச்ல உக்கார வெச்சிருக்காங்க. வாங்க, கூட்டினு போறோம்."

அப்பு, அந்த ஜீப்பில் போன வழியை நான் எப்படிச் சொல்வேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது கொஞ்ச நேரங்கள்தான். நீ பிறந்த அன்று ஒன்று. இது ஒன்று. கூட்டம் எங்களுக்கு வழி விட்டது. எல்லா முகமும் எனக்குத் தெரிந்த முகமாகிவிட்டது. வானம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது, மலை உச்சியில் கடைசி வெயில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதேன், சிரித்தேன், அந்தப் பெண் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு "அவனுக்கு எலுமிச்சை சாதம் புடிக்கும்," என்றேன். அவள் "சரிக்கா, சரிக்கா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அழுததும் சிரித்ததும் அவர்கள் என்னைப் பற்றி நினைத்ததை இன்னும் உறுதியாக்கியிருக்கும்.

ஜிஹெச்சில் ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. "எங்க?" என்றேன். "வருவாரு, உக்காரும்மா." உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். வாசலுக்குப் போனபோது மெதுவாகத் தடுத்தார்கள். அந்த மென்மைதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. பைத்தியம் இல்லாத ஒருத்தி தனக்குப் பைத்தியம் இல்லை என்று எப்படி நிரூபிப்பாள்? அமைதியாக இருந்தால் பிரமை பிடித்திருக்கிறது. கத்தினால் கேட்கவே வேண்டாம். நான் கத்தினேன். கத்தி ஓய்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது. யாரோ பொட்டலத்தில் இட்லி வாங்கி வந்தார்கள். "நான் சாப்பிட மாட்டேன், பொழுது போயிடுச்சு," என்றேன். "பொழுது போனா இன்னாம்மா? பேய் வந்து புடுங்கிக்குமா?" என்றாள் அந்தப் பெண் காவலர், வேடிக்கையாகத்தான். "சாயங்காலத்துலேந்து சாப்பாடு வேணாம்ன்றாங்க டாக்டர்," என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

வந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே பேசியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொட்டலத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நீங்க நயினாரா?" என்றார். எங்கள் பக்கத்தில் சமணர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஆமாம் என்றேன். "எங்க வீடு வந்தவாசி. பக்கத்து வூட்டுல நயினாருங்கதான். சின்னப்புள்ளைல அவங்க வூட்டுல ஆடிட்டு இருந்தா, வெளக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே சோறு போட்டுருவாங்க." பிறகு காவலரிடம் திரும்பி, "இது வியாதி இல்லம்மா, இவங்க வழக்கம். இருட்டினா சாப்பிட மாட்டாங்க," என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. "எதுக்காக எதிர்ப்பக்கமா நடந்தீங்க?" யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சொன்னேன். கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்ல?" என்றார். தாத்தாவுக்குப் போன் போனது. தாத்தா வந்து கூட்டிப்போனார். அந்த ராத்திரி அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் தாத்தாவிடம், "பொய் சொல்லி என்னை வண்டியில ஏத்துனாங்கப்பா," என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவனும் இப்படித்தான சிரிச்சிக்கிட்டு வந்தான்," என்றார். அவ்வளவுதான். பட்டு எடுக்கப் போன அந்தக் காரைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் தரணி தானாகவே வந்தான், பஸ்ஸில். மொட்டை அடித்திருந்தான், சட்டை வேறு யாருடையதோ. நடந்ததைச் சொன்னேன். "உன்னையுமா?" என்று சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். "இன்னா சொல்லிக்கா ஏத்துனாங்க?" என்று கேட்டான். "நீ அங்க இருக்கேன்னு." சிரிப்பு நின்றுவிட்டது. "என் பேரச் சொல்லியா?" என்றான். பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. ஆனால் காக்கி வண்டியைக் கண்டால் சாலையை விட்டு இறங்கிவிடுகிற பழக்கம் அன்றிலிருந்துதான் வந்தது.

நமக்கும் ஒரு பழக்கம் வந்தது. அடுத்த முறை, அதற்கடுத்த முறை, அவன் காணாமல் போனால் யாரிடமும் சொல்வதில்லை என்ற பழக்கம். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது மாமாவை பைக் இடித்துவிட்டது, அதனால்தான் காலைச் சாய்த்து நடக்கிறார் என்று உனக்குச் சொன்னோம். பைக் இடிக்கவில்லை. செங்கம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் அவன் போய்க்கொண்டிருந்தான். ரோந்து ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்தது. என்னப்பா, சாப்பிட்டியா என்று கேட்கத்தான் குறைத்திருப்பார்கள். அவன் ஓடினான். கல் எடுத்த பள்ளம் ஒன்றில் விழுந்தான். அவன் எங்கே போனான் என்று தெரியாமல் அவர்கள் போய்விட்டார்கள். மாடு மேய்ப்பவர்கள் குரல் கேட்டுத் தூக்கும்வரை அங்கேயே கிடந்தான். அந்த ஜீப்பில் வந்தவர்கள் யாரிடமும் ஒரு பொய்யும் சொன்னவர்கள் இல்லை. வேறு யாரோ, வேறு என்றோ சொன்ன பொய்யின் மேல் அவர்கள் வண்டி வந்து நின்றது. நீ போட்டுக்கொள்ளப் போகிற சட்டையும் அப்படித்தான் அப்பு. அதில் உனக்கு முன்னால் போட்டிருந்த எல்லோரும் இருப்பார்கள்.

அந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றி இத்தனை வருடங்களில் நிறைய யோசித்திருக்கிறேன். நான் அவராக இருந்தால்? நெரிசலில், தோள்களைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, எதிர்த்திசையில் போகிற ஒருத்தி. விட்டுவிட்டு, அவள் ஏதாவது லாரிக்குக் கீழே விழுந்திருந்தால், போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஊர் கேட்டிருக்கும். அன்று மாலை என்னைப் பார்த்து "இட்டுனு போங்க சார்" என்றதும் ஊர்தான். மறுநாள் நம் தெருவில், "நல்லா இருந்த பொண்ணப் புடிச்சிட்டுப் போனாங்களாமே, அராஜகம்" என்றதும் அதே ஊர்தான். அவர் என்னை அழைத்துப் போனதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே, ஏன் என்று சொல்லி அழைத்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்று அவர் நினைத்தார். ஒருவேளை வந்திருக்க மாட்டேன்தான். கை கால் பிடித்து ஏற்ற வேண்டியிருந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிடித்து இழுத்த கையின் வலி ஆறியிருக்கும். அந்த ஜீப்பில் நான் பட்ட சந்தோஷம் இன்னும் ஆறவில்லை.

நீ போலீசுக்கு எழுதிப்போட்டதை எனக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் சொன்னாய். விடியலில் கிரிவலப் பாதையில் நீ ஓடிப் பழகியபோது, உடம்பைக் குறைக்கத்தான் ஓடுகிறாய் என்று நினைத்தேன். முடிவு வந்த அன்று நான் ஏன் சிரிக்கவில்லை என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். இப்போது தெரிந்திருக்கும்.

நீ போன பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதலில் டீக்கடைக்காரர் தரணியின் கடிகாரத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "வெச்சிக்கோன்னு குடுத்துட்டாருக்கா, எனக்கு மனசு கேக்கல," என்றார். அன்று காலை தரணியே சொல்லிவிட்டான்: "அக்கா, வருதுக்கா." டாக்டரிடம் போனில் பேசினோம். சில நாள் வார்டில் இருந்தால் நல்லது என்றார். நாளைக்கு பஸ்ஸில் போகலாம் என்று அவனே ஒத்துக்கொண்டான். விடிந்து பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. மாத்திரை அப்படியே இருந்தது. சித்திரை வெயில். பின்னால் நடக்க நீ இல்லை. தாத்தாவும் இப்போது இல்லை. கடையைத் திறக்காமல், அதன் படியில் உட்கார்ந்து, உன் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளத்தையும் நினைத்தேன், அந்த பெஞ்சையும் நினைத்தேன். பிறகு போன் பண்ணினேன்.

எடுத்தது ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். விவரமெல்லாம் சொல்லிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு மேடம். அவன்கிட்ட பொய் சொல்லாதீங்க. எங்க கூட்டினு போறீங்களோ, அதச் சொல்லிக் கூப்புடுங்க," என்றேன். பஸ், போர்டு கதையெல்லாம் உளறினேன். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "வரமாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டார். "பேசுங்க. மறுபடியும் பேசுங்க. நானும் வரேன்," என்றேன். "சரிங்க. நீங்க கெளம்பி வாங்க," என்றார்.

நான் பஸ்ஸில் ஏறுவதற்குள், ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக அவரே போனில் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார். அடி அண்ணாமலையில் ஒரு வேப்பமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் கொப்பளித்திருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜீப் ஏற்கெனவே வந்து, தள்ளி, நிழலில்லாத இடத்தில் நின்றிருந்தது. எஞ்சினை அணைத்திருந்தார்கள். தரணி எழுந்து பாதி திரும்பியிருந்தான். எந்த நொடியும் ஓடிவிடுவான் போலிருந்தது. அந்தப் பெண் அதிகாரி இருந்த இடத்திலிருந்து ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. "தரணி சார், நான் ஸ்டேஷன்லேந்து வரேன். உங்க அக்கா போன் பண்ணாங்க, அதான் வந்தோம்," என்றார்.

அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் வேண்டாம் என்று கேட்டவள் நான்தான். ஆனாலும் அந்த உண்மையை மட்டும் மறைத்திருக்கலாமே என்று ஒரு கணம் தவித்துப்போனேன். தரணி என்னைப் பார்த்தான். "நீயாக்கா கூப்ட்ட?" "ஆமாண்டா." "என்கிட்ட சொல்லாமயா?" "நீ இல்லியேடா சொல்றதுக்கு." அவன் யோசித்தான். அது நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினான். பிறகு அவரிடம், "வண்டி எங்க போவுது?" என்றான்.

"ஜிஹெச்சுக்கு சார். மனநலப் பிரிவு."

"எத்தினி நாளு?"

"தெரியாது சார். அத டாக்டர்தான் சொல்லணும். கம்மியாவும் இருக்கலாம், ஜாஸ்தியாவும் இருக்கலாம்."

"எந்த வழியா?"

"இந்த ரோட்டப் புடிச்சி, டவுன் வழியா வேங்கிக்கால் பக்கம்."

"எங்கயும் நிக்காதா?"

"நீங்க சொன்னா நிக்கும்."

"பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்புடணும்."

"வாங்கித் தரேன் சார்."

அவன் இன்னும் நகரவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் ஒரு நரைத்த மீசைக்காரர். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். இறங்கி, வண்டியின் முன்னால் போய் நின்றார். கண்ணாடி முழுக்கச் சித்திரை மாதத்துப் புழுதி. விரலால் அந்தப் புழுதியில், கண்ணாடியின் மேல் பக்கத்தில், பஸ்ஸில் போர்டு இருக்கும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுதினார்: ஜி.ஹெச். எழுதிவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தரணி அதைப் படித்தான். உதடு அசைத்து, இரண்டு முறை படித்தான். "டிக்கெட்டு?" என்றான். "அக்கா எடுத்துருவாங்க, ஏறுங்க," என்றார் மீசைக்காரர். அவன் ஏறினான்.

நானும் ஏறினேன். அன்றைய சந்தோஷம் இந்த முறை இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் தரணி, "சரியான ரோடுதானா?" என்று கேட்டான், அவர்களும் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்கள். மலை எந்தக் கைப்பக்கம் வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. உள்ளேயிருந்து பார்த்தபோது கண்ணாடியில் அந்த எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிந்தன. அந்த எழுத்துகளின் வழியாக மட்டும் வெளிச்சம் உள்ளே வந்து, அவன் மடியில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஜிஹெச்சில் இறங்கியபோது அவன் சொன்னான், எனக்கா, அவர்களுக்கா, யாருக்கு என்று தெரியவில்லை: "போர்டுல போட்ட எடத்துக்கே வந்துட்டுது."

இப்போது தூங்குகிறான். பாதத்துக்கு மருந்து போடுகிறார்கள். நேற்று வார்டில் என் கைப்பையிலிருந்த இரண்டு புத்தகங்களைப் பார்த்துவிட்டு, இது ரெண்டும் சண்டை போடும், தனித்தனியாக வை என்றான். அதனால் நன்றாக ஆகிவிடுவான் என்று நினைக்கிறேன். எப்போது என்று தெரியாது. எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுத மாட்டேன்.

பயிற்சியில் இதற்கான சட்டத்தைச் சொல்லித் தருவார்கள். என்ன காரணத்துக்காக அழைத்துப் போகிறாய் என்று அவரிடமே சொல்ல வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீ மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவாய். ஆனால் ஒரு நாள், நீ களைத்துப்போய் நிற்கிற ஒரு மாலையில், எதிர்த்திசையில் ஒருவர் வருவார். அவரை வண்டியில் ஏற்ற உன் வாயில் ஓர் அன்பான பொய் தயாராக நிற்கும். அது உடனே வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்து. அப்போது நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட அந்த டாக்டரை நினைத்துக்கொள். எதற்காக எதிர்ப்பக்கமாக நடக்கிறீர்கள் என்று கேள். அவர் சொல்லும் பதில் பைத்தியக்காரத்தனமாகவே இருக்கலாம். ஆனாலும் கேள். பிறகு வண்டி எங்கே போகிறது என்று சொல்.

நீ வாசலில் நின்று கேட்டதற்குப் பதில் இதுதான்: போன் பண்ணினேன். மறுபடியும் பண்ணுவேனா என்பது, அடுத்த முறை யார் எடுக்கிறார்கள், என்ன சொல்லுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

உங்கள் வண்டிகளைப் பளபளவென்று துடைத்து வைக்கச் சொல்வார்கள். துடை. முன்கண்ணாடியின் மேல் பக்கத்தில் மட்டும், ஒரு விரலால் எழுதுகிற அளவுக்கு, கொஞ்சம் புழுதியை விட்டுவை.

அம்மா